பிசின் பெட்டியும் சுலைஹா ராத்தாவும்

என் அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கபுறடியில் நின்று சொல்லும் ஸலாம் உள்ளே கிடப்பவருக்குக் கேட்கும் என்பார்கள். நான் அங்கே வர முடியாதவள். சாய்ந்தமருதில் நம் வீட்டு அறைக்குள் இருந்துதான் சொல்கிறேன். இங்கிருந்து சொன்னாலும் கேட்குமா? இதை யாரிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இத்தா இருக்கத் தொடங்கி இன்றைக்குத் தொண்ணூற்று மூன்றாம் நாள். கணவனை இழந்தவள் வாசல் தாண்டாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல், மணமும் நிறமும் பூசாமல் நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டும். இன்னும் ஒரு மாதமும் சில நாட்களும் மிச்சம் இருக்கின்றன. பாடசாலையில் லீவு தந்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்க வேறு டீச்சர் வந்திருக்கிறாராம். நன்றாகப் படிப்பிக்கிறாராம். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல்கூட வரவில்லை, பாருங்கள்.

என்னைப் பார்க்க வருகிற பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அழுதியா புள்ள?" இல்லை என்றால் அவர்கள் முகம் வாடுகிறது. ஓம் என்று சொல்லிவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் ஓம் என்றே சொல்லி வருகிறேன். உண்மை உங்களுக்குத் தெரியட்டும். நான் அழவில்லை. சோறு தின்கிறேன், தொழுகிறேன், தூங்குகிறேன். கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிக் கிள்ளிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாமல் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு பேர் வாசிப்பார்கள். வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அன்று காலை ரொட்டியும் சம்பலும் தின்றீர்கள். "டீச்சர், தேத்தண்ணிக்கு சீனிய மறந்துட்டீங்க" என்று ஒரு குற்றப்பத்திரிகை வாசித்தீர்கள். சம்மாந்துறை நெல் ஆலையில் பெரிய கதவுக்கு நிலை பொருத்த வேண்டும் என்று உளிப்பையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நண்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்கு முன்பே டிரக்டர் பெட்டியில் படங்கு விரித்து உங்களைக் கொண்டுவந்தார்கள். நிலையைத் தூக்கி நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதானாம். உளிப்பையும் உங்களோடு வந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்கு இல்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்களாம். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேனாம். வெள்ளைச் சீலையை நானே கேட்டு வாங்கி உடுத்தேனாம். இப்படி 'ஆம்' போட்டுத்தான் அந்த நாளை என்னால் எழுத முடிகிறது. யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், ஒன்றும் நினைவில் இல்லை.

இனி பெட்டியின் கதைக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஆனாலும் இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதல்லவா.

கல்முனையில் ஒரு பழைய கடையின் கதவு நிலையைக் கழற்றப் போன இடத்தில், நிலையின் பொந்துக்குள் கொசுத்தேனீக்கள் இருந்தன. கொட்டாத சாதி. கொசுவைவிடக் கொஞ்சம் பெரியவை. கடைக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். நீங்கள் மரத்துண்டை அப்படியே அறுத்து, சாரத்தில் சுற்றி, திரீவீலில் கொண்டுவந்து இறக்கினீர்கள். திரீவீல்காரர் கழுத்தை வெளியே நீட்டியபடியே ஓட்டி வந்ததாக நீங்கள்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள்.

பிறகு முதிரைப் பலகையில் ஒரு பெட்டி அடித்தீர்கள். அதை மரத்தில் தொங்கவிட்டிருக்கலாம். இல்லை, நம் படுக்கை அறைச் சுவரில் நாலு கல்லைப் பெயர்த்துவிட்டு அதற்குள் வைத்துப் பூசினீர்கள். வாசல் வெளியே வளவுப் பக்கம், மூடி உள்ளே நம் கட்டில் பக்கம். வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த வீடு அது. சீதன வீட்டுச் சுவரில் ஓட்டை போட்ட முதல் மாப்பிள்ளை நீங்களாகத்தான் இருக்கும் என்று நான் சண்டை பிடித்தேன். "மழைக்கு நனையாது, எறும்பு ஏறாது, எனக்கும் கட்டில்ல இரிந்தே பாக்கலாம்" என்றீர்கள். நமக்குப் பிள்ளை இல்லை. தச்சு வேலை ஓடாவியார் ஈ வளர்க்கிறார் என்று ஊர் பேசியது. அது உங்கள் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

ஊரில் எல்லாரும் தேனைப் பற்றிக் கேட்டார்கள். உங்களுக்குத் தேன் ஒரு பொருட்டே இல்லை. பிசின்தான் வேண்டும். மாமரத்திலும் பலாவிலும் பட்டை வெடித்து வடியும் பாலைத் தேனீ காலில் ஒட்டிக்கொண்டு வந்து, தன் கூட்டின் வெடிப்பையெல்லாம் பூசி அடைக்கும். கறுப்பும் சிவப்புமாக, ஒட்டினால் விடாத பசை. நீங்கள் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே தென்னை ஈர்க்கில்களை வரிசையாக வைத்து வேண்டுமென்றே இடுக்கு விடுவீர்கள். இடுக்கைக் கண்டால் அவற்றுக்குப் பொறுக்காது. இருபது நாளில் அடைத்துவிடும். விடியற் குளிரில் அது காய்ந்து முறுகி இருக்கும்போது ஈர்க்கிலை உருவி, தட்டி, பிசினை உதிர்த்து எடுப்பீர்கள். வெயில் ஏறினால் கையோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்க முடியாது.

"இது தேன் இல்ல புள்ள. இது அதுகள்ற ஓடாவி வேல" என்பீர்கள். "மரத்துக் காயத்தில எடுத்து, தங்கட ஊட்டுக் காயத்தில பூசுதுகள். நம்ம பங்குக்கு நாம மனுசன்ட காயத்தில பூசுவம்."

எடுத்ததைச் சுடுதண்ணீரில் போட்டுக் கிண்டினால் மெழுகு மேலே மிதக்கும், பிசின் அடியில் தங்கும். அதை உருட்டி ஜாம் போத்தலில் போட்டு வைப்பீர்கள். பலகையில் முடிச்சு விழுந்த குழிக்கும், உளிப் பிடி ஆடினால் இறுக்கவும் அதுதான். மிச்சத்தைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிக் களிம்பாக்கிச் சின்ன டப்பிகளில் அடைப்பீர்கள். வயலில் நிற்கிறவர்களின் சேற்றுப் புண்ணுக்கும் குதிகால் வெடிப்புக்கும் அந்த டப்பி போனது. மாவடிப்பள்ளி வயலில் களை பிடுங்குகிற பெண்கள் அதற்கு 'ஓடாவியார் மருந்து' என்று பேர் வைத்திருந்தார்கள்.

நீங்கள் போன பதினோராம் நாள், அந்தப் பெண்களில் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். காரைதீவுப் பாக்கியம் அக்காவை நினைவிருக்கிறதா? தமிழ் முஸ்லிம் பிரச்சினை தொடங்கிய பிறகு அவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. நீங்கள்தான் வயலுக்குப் போகும்போது டப்பியைக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். அன்று சென்றி என்கிற சோதனைச் சாவடியில் இறக்கி, பையைக் கொட்டிப் பார்த்து, பிறகு நடந்து வந்திருக்கிறார். உங்களுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. வளவுப் படலையால் வந்து "ஓடாவியார், ஓடாவியார்" என்று கூப்பிட்டிருக்கிறார்.

உங்கள் கூடப் பிறந்த ராத்தா சுலைஹாதான் போய் விசயத்தைச் சொன்னார். நீங்கள் போன நாள் முதல் என்னோடு இருந்து எனக்குச் சமைத்துப் போடுகிறவரும் அவர்தான். பாக்கியம் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்து என் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்தார். அழுதியா என்று கேட்கவில்லை. தன் காலை நீட்டிக்கொண்டார். கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப் போயிருந்தது. நான் எழுந்து அலுமாரியில் இருந்த கடைசி டப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "தங்கச்சி, குறை நினைக்காதங்க. வளவுக்குள்ள வரக்குள்ள பார்த்தன். செவரடியில உங்கட ஈயெல்லாம் செத்துக் கிடக்கு. எறும்பு இழுத்துக்கொண்டு போகுது. கொஞ்சம் இன்னும் செவரச் சுத்திச் சுத்திப் பறக்குது. வாசல ஆரோ சுண்ணாம்பு வெச்சி அடைச்சிரிக்காங்க."

நான் மூடியில் காதை வைத்துப் பார்த்தேன். நீங்கள் காதை வைத்துக் கேட்பீர்களே, அந்த இரைச்சல் இல்லை. பதினொரு நாள் அந்த மூடிக்கு ஒரு முழத்தில்தான் படுத்திருந்தேன். இரைச்சல் நின்றதை நான் கவனிக்கவே இல்லை.

மச்சான், அப்போது எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். எங்கே இருந்து வந்தது என்று தெரியவில்லை. காதெல்லாம் சுட்டது. இந்த வீட்டில் ஓட்டையை அடைத்துக்கொண்டு திரிந்தவர் யார் என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்குக் கறுத்த சீலை கட்டியது ராத்தா. கதவுத் திறப்பு ஓட்டைக்குப் பஞ்சு வைத்ததும் ராத்தா. இத்தா இருக்கிறவளை வெளி ஆண் ஒருத்தனும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று, சுவரில் ஊசி போகிற இடம்கூட விடாமல் தேடி அடைப்பது நம் பெண்களின் வழக்கம். அந்த வழக்கத்தில் அவர் ஒரு பெரிய அதிகாரி. வளவில் உங்களோடு வேலை செய்த ஆட்கள் பலகை எடுக்க வந்து போனார்கள். சுவரில் ஒரு துளை வெளியே இருந்து உள்ளே வருகிறது. அது ஈயின் வாசல், அதற்குப் பின்னால் பெட்டி இருக்கிறது, கண் வைத்தாலும் இருட்டுத்தான் தெரியும் என்பதெல்லாம் அவருக்கு எங்கே புரியப் போகிறது?

ராத்தாவைக் கூப்பிட்டேன். வெளி அறையில் யாசீன் ஓத வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கத்தான் பேசினேன்.

"அந்த ஓட்டைய அடைச்சது நீங்கதானே?"

"ஓம் புள்ள."

"கூடப் பொறந்தவன் வளத்தத நீங்களே சாகடிச்சிட்டீங்க. அந்த மனிசன அடக்கின மண்ணு காயமுந்தியே சாகடிச்சிட்டீங்க. ஒங்களுக்குக் கை கூசல்லயா?"

ராத்தா என் முகத்தைப் பார்த்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். வெளியே ஓதல் நின்று போயிருந்தது. நான் இன்னும் என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாக்கியம் அக்கா இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. "உளி ஒண்டு தாங்க" என்றார். உங்கள் பையில் இருந்து சின்ன உளியை எடுத்துக் கொடுத்தேன். நான் வளவுக்கு இறங்க முடியாது. அறைக்குள் நின்று சுவரில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சுண்ணாம்பை மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் ஜன்னல் சீலைக்கு வெளியே நின்று சொன்னார்: "சீலைத் துண்டு ஒண்டு திணிச்சிரிக்கு. உள்பக்கமெல்லாம் பிசின். அதுகளும் தங்கட பங்குக்குப் பூசியிரிக்குதுகள். இரிங்க, வருது. ஒண்டு வருது. மறுகா ஒண்டு."

மறுநாள் விடியற் குளிரில் நான் மூடியைத் திறந்தேன். நீங்கள் இல்லாமல் திறந்தது அதுதான் முதல் தடவை. பாதிக்கு மேல் செத்து ஒரு மூலையில் குவிந்திருந்தன. அவை கட்டும் குட்டித் தேன் பானைகள் காலியாக இருந்தன. நடுவில் கொஞ்சம் முட்டை அடுக்கு, அதன்மேல் கொஞ்சம் ஈ. ராணி இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியாது. செத்தவற்றைக் கோழி இறகால் கூட்டி எடுத்தேன். ஒரு ஈர்க்கிலும் வைக்காமல் மூடியை மூடினேன்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் உங்கள் ராத்தாவோடு நான் கதைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோறு. அவர் தட்டை வைப்பார், நான் தின்பேன். "உப்புக் காணுமா?" என்பார். நான் சுவரைப் பார்ப்பேன். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது. மகன் வந்து "வாங்க உம்மா, போவம்" என்று கூப்பிட்டான். போகவில்லை. தெருவில் அவருக்குப் பேர் வந்துவிட்டது, தம்பியின் ஈயைக் கொன்ற ராத்தா என்று. அந்தப் பேரைக் கொடுத்தவள் நான். சந்தைக்குப் போய் வந்த ஒரு நாள் அவர் குசினியில் தனியே மூக்கைச் சிந்துவது கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

ஐம்பது நாள் கழிந்திருக்கும். பாக்கியம் அக்கா வெறும் டப்பியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். தனக்கு ஆறி வருகிறதாம், தன்னோடு களை பிடுங்குகிற இன்னொரு பிள்ளைக்கு வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அலுமாரியில் உங்கள் ஜாம் போத்தலில் பிசின் உருண்டைகள் இருந்தன. ஆனால் களிம்பு கிண்டத் தெரிய வேண்டுமே. எத்தனை உருண்டைக்கு எவ்வளவு எண்ணெய்? நான் பின்னம் படிப்பிக்கிறவள், அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. நீங்கள் கிண்டும்போது நான் கொப்பி திருத்திக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டு இருப்பவர் ராத்தாதான்.

குசினி வாசலில் போய் நின்றேன். "எண்ணெ எவ்வளவு ஊத்துற?" என்று கேட்டேன். நாற்பது நாளுக்குப் பிறகு நான் அவரோடு பேசிய முதல் பேச்சு.

ராத்தா ஒன்றும் நடக்காததுபோல அடுப்பில் தண்ணீர்ச் சட்டியை வைத்தார். அதற்குள் சின்னச் சட்டியை இறக்கினார். "ஒரு உருண்டைக்கு அரைச் சிரட்டை. நேர நெருப்பில வெக்கப்போடாது. கருகிரும்." பிறகு மூக்கைச் சுளித்து, "புள்ள, இது மணக்குமே. இத்தாவில மணம் ஆகாதே" என்றார். மருந்து மணம் அத்தர் ஆகாது என்று நான் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நாலு வீடு தள்ளி இருக்கும் மௌலவியின் மனைவியிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு மூச்சு வாங்க வந்தார். "பரவாயில்லையாம். வேணுமெண்டு மோந்து மோந்து பார்க்கப் போடாதாம்."

பிசின் உருகியது. உங்கள் சட்டை மணம், உங்கள் தலையணை மணம். இது வந்தால் எனக்கு ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் எப்போது கலக்க வேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்தா கிண்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "அண்டைக்கு ஒரு வார்த்த என்னக் கேட்டிருந்தா இப்புடி வந்திரிக்காது ராத்தா."

அகப்பை நின்றது. ராத்தா அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கேட்டன் புள்ள."

"எப்ப?"

"மய்யித்த எடுத்துக்கொண்டு போன கையோட. அறைக்குள்ள கட்டில்ல இரிந்தாய். வளவுல ஆம்புள நிக்காங்க, செவத்துல தம்பிர ஈ ஓட்ட ஒண்டு இரிக்கே, அத என்ன செய்யிற எண்டு கேட்டன். அடைங்க எண்டாய். ஈ சாகுமே புள்ள எண்டன். ஓம், அடைங்க எண்டாய். நான் மறுகாவும் ஒருக்கா கேட்டன். என் முகத்தப் பாத்துத்தான் செல்லினாய். ஆரெது கேட்டாலும் அண்டைக்கு ஓம் எண்டுதான் செல்லிக்கொண்டு இரிந்தாய்."

நான் அகப்பையை அவர் கையில் இருந்து வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று தெரியவில்லை. கருகிவிடும் என்று நினைத்திருப்பேன்.

"அப்ப ஏன் அண்டைக்கே செல்லல்ல? அவ்வளவு சனத்துக்கு முன்னால நான் ஏசக்குள்ள?"

"பதினொரு நாளா நீ கல்லு மாதிரி இரிந்தாய் புள்ள. தண்ணி தந்தா குடிச்சாய், தராட்டிக் கேக்கல்ல. எனக்குப் பயமாப் போச்சி. தம்பியும் போய், இவளும் போயிருவாளோ எண்டு. நீ அண்டைக்குச் சத்தம் போட்டாய். கண் செவந்திச்சி. அல்ஹம்துலில்லாஹ், இவளுக்கு உசிர் இரிக்கி எண்டு நினைச்சன். நீதான் அடைக்கச் செல்லினாய் எண்டு நான் செல்லியிரிந்தா, அந்தக் கோபம் ஒன் மேலயே திரும்பியிரிக்கும். என் மேல இரிந்தாப் பரவாயில்ல. நான் தாங்குவன்."

மச்சான், நீங்கள் உங்கள் ராத்தாவைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "வாய் பெரிசு, மனசு அதவிடப் பெரிசு" என்பீர்கள். கூடப் பிறந்தவனின் பாசம் பேசுகிறது என்று நான் சிரிப்பேன்.

நான் இன்னும் நம்ப மாட்டேன் என்று அடம் பிடித்துப் பார்த்தேன். அந்த நாளைத் தோண்டிப் பார்த்தேன். கட்டில் தெரிகிறது. ஒரு கை தெரிகிறது, யாருடையதோ, என் முதுகைத் தடவுகிறது. என் குரல் இல்லை. ஆனால் ராத்தா பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் ஈக்களை அடைக்கச் சொன்னவள் நான். உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, நீங்கள் இந்த வீட்டில் வைத்துவிட்டுப் போன ஒரே உயிரையும் மூடிவிடுங்கள் என்று சொன்னவள் நான். மூன்று தரம் கேட்டார்களாம், மூன்று தரமும் சொன்னேனாம். வேண்டுமென்றே சொன்னேனா? நீங்கள் போய்விட்டீர்கள் என்ற ஆத்திரத்தில் சொன்னேனா? தெரியாது. இது தெரியாமலே நான் கிழவியாகிவிடுவேனா?

அடக்குவதற்கு முன் நம் ஆட்கள் வந்து, உன் கணவன் உனக்குச் செய்த குறை குற்றத்தைப் பொறுத்துக்கொள் என்று மனைவியிடம் கேட்பார்கள். என்னிடமும் கேட்டிருப்பார்கள். ஓம் என்று சொல்லியிருப்பேன். அந்த ஓமும் கணக்கில் சேருமா? சேராவிட்டால் இப்போது சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பொறுத்துவிட்டேன். சீனிக்குச் சொன்ன குறையையும் சேர்த்துத்தான். ஆனால் மனைவி செய்த குற்றத்தைப் பொறுக்கும்படி இறந்தவரிடம் போய்க் கேட்க யாரும் இல்லையே மச்சான்.

அதை ராத்தாவிடம் கேட்டேன். களிம்பை இறக்கி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்து, "என்னப் பொறுத்துக்கங்க ராத்தா. அவருக்காகவும் நீங்களே பொறுத்துக்கங்க" என்றேன்.

"நான் எப்பவோ பொறுத்துட்டன். அவன் இரிந்திரிந்தா ஒன்னக் கேலி பண்ணியே பொறுத்திருப்பான்" என்றார். பிறகு என் தோளில் சாய்ந்து அவர்தான் அழுதார். அவருக்கும் தம்பி செத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் துக்கம் எனக்கு மட்டும் சீதனமாக வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கண் காய்ந்தேதான் இருந்தது. ஆனால் அவருடைய அழுகை எனக்கு நன்றாகக் கேட்டது. எட்டத்தில் இல்லை, பக்கத்தில் கேட்டது.

இதையெல்லாம் நான் உடனே எழுதவில்லை. மேலும் நாற்பது நாள் போய்விட்டது. எழுதினால் கையெழுத்துப் போட வேண்டுமே என்ற பயம். கொப்பியில் பிள்ளைகள் செய்யும் பிழைக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டவள் நான். ஏழெட்டுப் பேருக்கு முன்னால் ராத்தாவை ஏசினேன், அவர்கள் தெருவுக்கெல்லாம் சொன்னார்கள். திருத்தத்தை மட்டும் குசினிக்குள் இரகசியமாகச் சொன்னால் அது திருத்தமா? அதனால்தான் இதை நாலு பேர் வாசிக்க வேண்டும் என்றேன். யாசீன் ஓத வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு பிரதி போகும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுவேன். ராத்தா வேண்டாம் என்கிறார். "நம்மட கதைய ஏன் புள்ள ஊருக்குச் செல்லுற?" என்கிறார். ஊருக்கு ஏற்கனவே பிழையாகச் சொல்லியாகிவிட்டது ராத்தா என்றேன்.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சண்டை நிற்கும் என்றார்கள், நிற்கவில்லை. சென்றி அப்படியே இருக்கிறது. நீங்கள் நிறுத்திய நிலையில் ஆலைக்காரர்கள் வேறு ஓடாவியைக் கொண்டு கதவைப் போட்டுவிட்டார்களாம். நிலை ஒரு நூல்கூடச் சாயவில்லை என்று அவர் சொன்னாராம். பாக்கியம் அக்கா டப்பியை வாங்கிப் போனார். களிம்பு கொஞ்சம் இறுகிவிட்டது, எண்ணெய் போதவில்லை. அடுத்த தடவை சரியாக வரும்.

பெட்டியில் ஈ இருக்கிறது. கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் இரைச்சல் கேட்கிறது, ஒரு நாள் இல்லை. ராணி இருந்தால் தப்பும் என்று ராத்தா சொல்கிறார், அவருக்கும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். வெளிவாசலை இப்போது அவர்தான் காலையும் மாலையும் போய்ப் பார்த்து வந்து எனக்குச் சொல்கிறார். வளவில் ஆண்கள் நின்றால் கையைத் தட்டி விரட்டிவிட்டுப் பார்க்கிறார். ஊர் அவரை இப்போது ஈக்கிறுக்கி என்கிறதாம்.

மச்சான், உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். இந்த வருடம் ஈர்க்கில் வைக்க மாட்டேன். அவற்றின் பிசின் அவற்றின் வீட்டுக்கே வேண்டியிருக்கிறது. இத்தா முடிந்து நான் வாசல் தாண்டும் முதல் நாள் சுலைஹா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தத் தெருவில் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை நடப்பேன். எல்லாரும் பார்க்க நடப்பேன். இனிமேல் யார் என்னிடம் எதைக் கேட்டாலும், அவர்கள் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கேட்டது என்ன என்று விளங்கிக்கொண்ட பிறகுதான் ஓம் என்பேன். 'அழுதியா புள்ள' என்று கேட்டால் இல்லை என்பேன்.

உங்கள் மனைவி,
இனிமேல் உங்கள் ராத்தாவின் கூடப் பிறந்த தங்கச்சி,
ஸித்தி